கறிக்கோழியும் சால்மோனெல்லாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கறிக்கோழிப் பண்ணையில் சால்மோனெல்லா, ஆன்டிபயாடிக் பயன்பாடு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கோழிகள் நன்றாகத் தீனி எடுக்கின்றன. எடை ஏறுகிறது, சாவும் இல்லை. ஆனால் எங்கள் பேட்சில் சால்மோனெல்லா இருப்பதாக ஆய்வக அறிக்கை வந்திருக்கிறது. நோயே இல்லாத கோழியில் கிருமி எப்படி இருக்கும்? அறிக்கை தவறா?

பதில்: தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் கேலினேரம், புல்லோரம் இரண்டும் கோழிக்கென்றே பழகியவை. கோழி டைபாய்டும் புல்லோரம் நோயும் இவற்றால் வருபவை. சால்மோனெல்லாவால் ஷெட்டில் சாவு குவிவது பெரும்பாலும் இவை வந்தால்தான். மனிதரை இவை அநேகமாகத் தொடுவதில்லை. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம், இன்ஃபான்டிஸ் போன்ற வகைகளின் போக்கு வேறு. கறிக்கோழிக்கு ஒரு தொந்தரவும் தராமல் அதன் குருட்டுக்குடலில் தங்கி, எச்சத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் கோழியின் நடமாட்டத்தையோ எச்சத்தின் நிறத்தையோ பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி.

இதில் கோழியின் வயது முக்கியம். பொரித்து வந்த குஞ்சின் குடலில் வேறு பாக்டீரியா கூட்டம் இன்னும் உருவாகியிருக்காது. அந்த நிலையில் நூற்றுக்கும் குறைவான கிருமிகளே குடியேறப் போதும். ஓரிரு வாரத்தில் குடல் நல்ல பாக்டீரியாவால் நிறைந்த பிறகு, அதே கிருமிக்கு இடம் கிடைக்கப் பல மடங்கு எண்ணிக்கை தேவைப்படும். ஆகவே உங்கள் விசாரணையை முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாசல்கள் பல. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் விடை கிடைக்கும்.

முதல் வாசல் குஞ்சு. தாய்க்கோழியின் கருப்பையில் கிருமி இருந்தால் முட்டைக்குள்ளேயே வரும். முட்டை ஓட்டில் ஒட்டிய எச்சம் வழியாகவும் வரும். பொரிப்பகத்தில் ஒரு முட்டை பாதிக்கப்பட்டிருந்தாலே போதும். பொரிக்கும் நேரத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி அதே அறையிலுள்ள மற்றக் குஞ்சுகளுக்கெல்லாம் கிருமியைக் கொண்டு சேர்த்துவிடும். குஞ்சு வந்திறங்கும்போது பெட்டியின் அடியில் விரித்த தாளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதில் கிருமி இருந்தால் உங்கள் ஷெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, பொரிப்பகத்தோடு பேச வேண்டும்.

இரண்டாவது, முந்தைய பேட்ச் ஷெட்டில் விட்டுச்சென்ற கிருமி. மூன்றாவது, எலியும், தரையில் பரப்பிய கூளத்தில் வாழும் வண்டும். வண்டையும் அதன் புழுவையும் கோழி கொத்தித் தின்னும். கிருமி நேராகக் குடலுக்குப் போகும். எலி ஒரு பேட்சின் கிருமியை அடுத்த பேட்சுக்குக் காத்துவைத்துக் கொடுக்கும். எலிப்புழுக்கையையும் வண்டையும் தனித்தனியாகச் சேகரித்து அனுப்பலாம்.

நான்காவது, தீவனம். பெல்லட் ஆலையில் மாவை 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்குவதால் கிருமி பெருமளவு செத்துவிடும். அதன் பிறகு குளிரூட்டியில்தான் சிக்கல். சூடான பெல்லட்டின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிந்து, தூசியோடு சேர்ந்து கட்டியாகி, கொல்ல எதுவும் இல்லாத அந்த இடத்தில் கிருமி வளரும். உங்கள் தீவனத் தொட்டியின் உள்சுவரில் கட்டி ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். ஒரு மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து அனுப்பி, கிருமி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். தீவனத்தில் சால்மோனெல்லா சீராகப் பரவியிருக்காது. பல இடங்களிலிருந்து, முக்கியமாகத் தூசியிலிருந்து, மாதிரி எடுக்க வேண்டும்.

ஷெட்டின் நிலையை அறிய, காலணிமேல் போடும் துணியுறை முறை நல்லது. உறையை உப்பு-பெப்டோன் கரைசலில் நனைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது 100 காலடி என்று ஷெட்டின் எல்லாப் பகுதியிலும் நடக்க வேண்டும். இரண்டு ஜோடி சேர்ந்து முழு ஷெட்டையும் தொட வேண்டும். விற்பனைக்கு முந்தைய மூன்று வாரத்துக்குள் எடுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறை. கிருமிநாசினித் தொட்டியில் கால் வைத்துவிட்டு அதே காலணிமேல் உறையைப் போட்டால் பொய்யான நல்ல முடிவு வரும். இதை ஆய்வகத்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

கேள்வி: ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் கழுவி மருந்து அடிக்கிறோம். ஆனாலும் அடுத்த பேட்சில் திரும்பவும் வருகிறதே?

பதில்: பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது, மருந்துக்கு முந்தைய வேலையில் இருக்கும். எச்சமும் கொழுப்பும் ஒட்டியிருக்கும் தரையில் எந்தக் கிருமிநாசினி அடித்தாலும் அந்த அழுக்கே அதை விழுங்கிவிடும்.

கோழியைப் பிடித்து ஏற்றிய அன்றே, ஷெட் இன்னும் சூடாக இருக்கும்போதே வண்டுக்கு மருந்து அடியுங்கள். ஓரிரு நாள் தள்ளிப்போட்டால் கொட்டகை குளிர்ந்து, வண்டு சுவர் விரிசலுக்குள் போய்விடும். பிறகு அடிக்கும் மருந்து வீண். அடுத்து கூளத்தை முழுதாக அள்ளி, ஷெட்டிலிருந்து தள்ளி அப்புறப்படுத்துங்கள். விசிறி, விட்டம், மின்விளக்கின் மேல்பக்கம், தீவனக் குழாய் ஆகியவற்றின் தூசியை உலர்வாகவே துடைத்தெடுங்கள். பிறகுதான் தண்ணீர். சோப்புநுரை அடித்து 20 நிமிடம் ஊறவிட்டு, அழுத்தத் தண்ணீரால் மேலிருந்து கீழாகக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள்.

இந்தக் காயவிடுதலைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். தரையில் தண்ணீர் தேங்கி நின்றால் 1 சதவீதத்தில் கலந்த கிருமிநாசினி தரையைத் தொடும்போது அரை சதவீதமாகிவிடும். நான்காம்நிலை அமோனியச் சேர்மங்கள் கொண்ட கிருமிநாசினி என்றால், சரியாக அலசாமல் விட்ட சோப்பே அதை முறித்துவிடும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லி கரைசல் விழ வேண்டும். பரப்பு நனைந்து சொட்டாத அளவு அது. குளோரின் மருந்தை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

தண்ணீர்க் குழாயை மறந்துவிடாதீர்கள். உள்ளே படியும் வழவழப்பான படலத்துக்குள் கிருமி பத்திரமாக இருக்கும். வெறும் குளோரின் அதைத் துளைக்காது. ஷெட் காலியாக இருக்கும்போது நிலைப்படுத்திய ஹைட்ரஜன் பெராக்சைடை லேபிளில் உள்ள அளவில் குழாயில் நிரப்பி, அதில் சொன்ன நேரம் ஊறவிட்டு, வேகமாகத் தண்ணீர் விட்டு அடித்து வெளியேற்றுங்கள். கோழி இருக்கும் காலத்தில், கடைசி நிப்பிளில் (கோழி குடிக்கும் குழாய்முனை) எடுத்த தண்ணீரில் 2 முதல் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கட்டற்ற குளோரின் காட்ட வேண்டும். தொட்டியில் அளந்து பார்ப்பதில் பயனில்லை. பிஹெச் 7.5-ல் குளோரினில் ஏறத்தாழப் பாதிதான் வீரியமுள்ள வடிவில் இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீரின் பிஹெச்சைக் குறைக்காமல் குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கோழி தண்ணீர் குடிப்பதுதான் குறையும்.

கேள்வி: பாசிட்டிவ் என்று வந்ததும் ஐந்து நாள் என்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நோய் அறிகுறி இல்லாத கறிக்கோழியின் குடலிலிருந்து சால்மோனெல்லாவை விரட்ட ஆன்டிபயாடிக் கொடுப்பது பலன் தராது, கெடுதலும் செய்யும்.

மருந்து கொடுக்கும் நாட்களில் எச்சத்தில் கிருமி எண்ணிக்கை குறையும். அப்போது எடுத்த மாதிரி நெகட்டிவ் என்றும் வரலாம். கிருமி முழுதாகப் போயிருக்காது. மருந்து நின்றதும், குடலில் மீந்த கிருமியும் கூளத்தில் கிடப்பதும் மறுபடி பெருகும். இந்த முறை அதை எதிர்த்து நிற்க வேண்டிய நல்ல பாக்டீரியா கூட்டத்தையும் நீங்களே அழித்திருப்பீர்கள். மிஞ்சியவற்றில் மருந்தைத் தாங்கிய கிருமியின் பங்கு கூடியிருக்கும். என்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளூரோகுவினோலோன் குடும்ப மருந்துகளுக்கு எதிர்ப்பு உருவாக, அவை தாக்கும் ஜைரேஸ் என்ற கிருமி நொதியில் ஒரே ஒரு மாற்றமே முதல் படிக்குப் போதும். இந்த மருந்துக் குடும்பம் மனிதரின் கடும் சால்மோனெல்லா நோய்க்கும் வேண்டியது.

சால்மோனெல்லாக் கட்டுப்பாட்டுக்கென்று கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் சட்டத்தால் தடுத்தது. அமெரிக்காவில் என்ரோஃப்ளாக்சசினுக்கான கோழி அனுமதி 2005-ல் விலக்கப்பட்டது. அங்கே காரணம் கேம்பைலோபாக்டர் என்ற இன்னொரு குடல் கிருமி.

மருந்தில்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடன் விடை. 1953-ல் அங்கே ஏற்பட்ட சால்மோனெல்லாப் பரவலில் சுமார் 9,000 பேர் நோயுற்றார்கள், 90 பேர் வரை இறந்தார்கள். 1961-ல் கட்டாயக் கட்டுப்பாடு வந்தது. தாய்க்கோழி, தீவனம், ஷெட் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதனை. கிருமி கண்ட கூட்டத்தைக் கழித்துவிடுவது. இன்று அங்கே பாதிக்கப்பட்ட கறிக்கோழிக் கூட்டங்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழ். வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பதை 1986-லேயே நிறுத்திய நாடும் அதுதான்.

உங்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம் முதல் நாளில் கொடுக்கும் நல்ல பாக்டீரியா கலவை. நன்கு வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லாவுக்கு இடம் இல்லாமல் போகிறது என்பதை 1973-ல் பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் காட்டினார்கள். அதே நாளில் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் இரண்டும் வீண்.

கேள்வி: எங்கள் பண்ணையில் இந்த மருந்தைப் பயன்படுத்தியதே இல்லை. ஆனாலும் கிருமி அதற்கு எதிர்ப்புள்ளது என்று அறிக்கை சொல்கிறது. எப்படி?

பதில்: எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற தனி மரபணு வளையத்தில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிலிருந்து சால்மோனெல்லாவுக்குக்கூட, அது தாவும். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கலாம். நீங்கள் டெட்ராசைக்ளின் மட்டும் கொடுத்தாலும், அதைத் தாங்கி நிற்கும் கிருமியோடு ஆம்பிசிலின், சல்ஃபா எதிர்ப்பும் சேர்ந்தே பெருகும். இன்ஃபான்டிஸ் வகை பல நாடுகளில் பரவியதில் இப்படிப்பட்ட ஒரு பெரிய பிளாஸ்மிட்டுக்குப் பங்கு உண்டு.

தொடக்கம் உங்கள் பண்ணைக்கு வெளியேயும் இருக்கலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பொரிப்பகங்கள் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டு வந்தன. குஞ்சை வாங்கிய பண்ணையாளர் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை. 2005 தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாகவே அதை நிறுத்தின. கடைக்கோழியில் கிடைத்த ஹைடல்பெர்க் வகை சால்மோனெல்லாவில் 2004-ல் 62 சதவீதமாக இருந்த எதிர்ப்பு 2006-ல் 7 சதவீதமானது. மனிதரிடமிருந்து எடுத்த அதே வகையில் 36-லிருந்து 8. பிறகு பொரிப்பகங்கள் ஓரளவு மறுபடி பயன்படுத்தத் தொடங்கியபோது கோழியின் இ.கோலையில் எதிர்ப்பும் ஏறியது. குஞ்சு வாங்கும்போது ‘பொரிப்பகத்தில் என்ன ஊசி போட்டீர்கள்’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொலிஸ்டின் பற்றித் தனியே கேட்ட வாசகருக்கு: தீவனத்தில் அது எந்த வடிவிலும் வேண்டாம். பிளாஸ்மிட்டில் தாவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவை 2015-ல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து அது. உணவுக்கான விலங்குகளில் இந்தியா 2019-ல் அதைத் தடை செய்தது.

கேள்வி: கோழிக்கு உண்மையிலேயே பாக்டீரியா நோய் வந்து, மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தால், தண்ணீரில் சரியான அளவு எப்படி?

பதில்: லிட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடாதீர்கள், உடல் எடைக்குக் கணக்கிடுங்கள். 8,000 கோழி, சராசரி எடை 1.25 கிலோ என்றால் மொத்தம் 10,000 கிலோ. மருத்துவர் எழுதியது கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 200 கிராம் மருந்து வேண்டும். உங்கள் பவுடர் 50 சதவீத வீரியம் கொண்டது என்றால் 400 கிராம் பவுடர்.

லிட்டர் கணக்கு ஏன் கெடுக்கிறது என்று பாருங்கள். இந்தக் கோழிகள் 1,600 லிட்டர் குடிக்கும் என்று வைத்து லிட்டருக்கு 0.125 கிராம் மருந்து கலக்கிறீர்கள். வெயிலில் அவை 2,400 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 30 மில்லிகிராம் போய்விடும். நோயில் சோர்ந்து 1,000 லிட்டர்தான் குடித்தால் 12.5 மில்லிகிராம்தான் சேரும். கிருமியைக் கொல்லாமல் பழக்கும் அளவு இதுதான். அதனால் முந்தைய நாளின் தண்ணீர் மீட்டர் கணக்கைப் பார்த்து, ஒரு நாள் மருந்தை அந்தத் தண்ணீரில் பிரித்துக் கொடுங்கள். இருட்டில் கோழி குடிக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அமாக்சிசிலின் தண்ணீரில் நாள்பட நிற்காது; தினமும் புதிதாகக் கலக்கவும். கடினநீரின் கால்சியம் டெட்ராசைக்ளினைக் கட்டிவிடும். தண்ணீரிலுள்ள குளோரினும் பெராக்சைடும் சில மருந்தைச் சிதைக்கும். மருந்து நாட்களில் அவற்றை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு நாளில் கோழி தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் குழாயை அடித்துக் கழுவுங்கள். இல்லையேல் படலத்தில் தங்கிய மருந்து சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காக மோனென்சின், சாலினோமைசின், நரசின் இருந்தால் டையமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. கோழி நடக்க முடியாமல் விழும், சாகும். மருத்துவரிடம் தீவனப் பை லேபிளைக் காட்டிவிட்டே மருந்து வாங்குங்கள்.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் ஜென்டாமைசின் கேட்கும் என்று இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சால்மோனெல்லா செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் முதல், இரண்டாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்றுகாட்டும், உடலில் வேலை செய்யாது. நல்ல ஆய்வகம் சால்மோனெல்லாவுக்கு இவற்றைச் ‘கேட்கும்’ என்று எழுதாது. எழுதியிருந்தால் அந்த ஆய்வகத்தின் மற்ற முடிவுகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஃப்ளூரோகுவினோலோன் எதிர்ப்பைப் பார்க்க பெஃப்ளாக்சசின் வட்டு (மருந்து தோய்த்த காகித வில்லை) வைத்தார்களா என்றும் கேளுங்கள். தொடக்கநிலை எதிர்ப்பு சிப்ரோஃப்ளாக்சசின் வட்டில் தப்பிவிடும்.

கேள்வி: ஏற்றுவதற்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும்?

பதில்: தீவனத்தை நிறுத்தியதிலிருந்து அறுக்கும் நேரம் வரை 8 முதல் 12 மணி. பயணமும் காத்திருப்பும் இதற்குள் அடக்கம். குறைந்தால் குடல் நிறைந்திருந்து, வெட்டும்போது கிழிந்து கறியில் கொட்டும். மிகவும் கூடினால் குடல் சுவர் மெலிந்து அதுவும் கிழியும்.

பசித்த கோழி கூளத்தைக் கொத்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கூளத்திலுள்ள கிருமி தீனிப்பையில் சேரும், அறுவை ஆலையில் அது உடைந்தால் கறியெல்லாம் படும். தீவனத்தட்டைத் தூக்கிய பிறகும் பிடிக்கும்வரை தண்ணீர் கிடைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் 0.4 சதவீத அளவில் லாக்டிக் அமிலம் கலந்தால் தீனிப்பையில் கிருமி குறையும். புளிப்பு பிடிக்காமல் குடிப்பதை நிறுத்துகிறதா என்று கவனியுங்கள். எடை இழப்பு அதில்தான் வரும். பிறகு கூண்டுகள்: சுத்தமான கோழியை அழுக்குக் கூண்டில் ஏற்றினால் ஆறு வார உழைப்பு சில மணி நேரத்தில் போய்விடும்.

கேள்வி: அறுவை ஆலையில் குளோரின் தண்ணீரில் குளிர்விக்கிறார்களே, அங்கேயே எல்லாம் செத்துவிடாதா?

பதில்: குறையும், அவ்வளவுதான். வெந்நீரில் முக்கியபின் இறகு பறிக்கும் ரப்பர் விரல்கள் ஒரு கோழியின் கிருமியை அடுத்தடுத்த கோழிகளுக்குத் தேய்த்துவிடும். இறகுக் குழிக்குள் போன கிருமியைக் குளோரின் தொடாது. குளிர்தொட்டியில் சேரும் கொழுப்பும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும். எவ்வளவு ஊற்றினார்கள் என்பது கணக்கில் வராது, எவ்வளவு மிஞ்சியது என்பதே கணக்கு. அமெரிக்காவில் 50 பிபிஎம் வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 முதல் இப்படிக் கழுவக் கூடாது.

கேள்வி: ‘ஆன்டிபயாடிக் இல்லாத கோழி’ வாங்கினால் சால்மோனெல்லா பயமில்லைதானே? சமைப்பதற்கு முன் நன்றாகக் கழுவினால் போதுமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. அந்த லேபிள் மருந்து கொடுக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. மருந்து கொடுத்த கோழியிலும், மருந்து நிறுத்தக் காலத்தை (கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்களை) கடைப்பிடித்தால் கறியில் மருந்து எச்சம் இருக்காது. எதிர்ப்புள்ள கிருமி இருக்கலாம். மருந்து எச்சமும் கிருமியின் எதிர்ப்பும் வெவ்வேறு.

கழுவினால் கிருமி போகாது. தெறிக்கும் துளிகள் தொட்டியிலும் மேடையிலும் பச்சைக் காய்கறியிலும் விழும். எலுமிச்சையும் உப்பும் மேல்தோலைத் தாண்டாது. உறையவைத்தாலும் சாகாது. மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கு அடங்கும்: மிகத் தடிமனான இடத்தின் நடுவில் 74 டிகிரி, அல்லது 70 டிகிரியில் இரண்டு நிமிடம். எலும்பருகே சிவப்பு மறைந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். குத்தி அளக்கும் வெப்பமானி போதும். பச்சைக் கறி வெட்டிய பலகையில் வேகாமல் சாப்பிடும் எதையும் வெட்டாதீர்கள்.

கேள்வி: நோய் வந்துவிட்டால் உடனே ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிட்ட 6 மணி முதல் 3 நாளுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி தொடங்கும், பெரும்பாலோருக்கு 4 முதல் 7 நாளில் தானே அடங்கும். உப்பு-சர்க்கரைக் கரைசலே முதல் மருந்து. சாதாரண நோய்க்கு ஆன்டிபயாடிக் நாட்களைக் குறைக்காது. கிருமி உடலில் தங்கும் காலத்தை நீட்டிவிடக்கூடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, முதியவர், எதிர்ப்புசக்தி குறைந்தவர் விஷயம் வேறு. மலத்தில் ரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்து தொடங்கும் முன் மலப் பரிசோதனைக்குக் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பது அதில்தான் தெரியும்.